காசு கொடுத்தவர் கையில் விலங்கு

எலிக்கு வைத்த பொறியில் எலி விழாமல் வீட்டுக்காரரின் கால்விரல் சிக்கிக்கொண்டால் நாம் என்ன சொல்வோம்? பொறியை வேறு இடத்தில் வையுங்கள் என்போம். பொறியே வேண்டாம், ஒரு பூனையை வளர்க்கலாம் என்றும் சிலர் சொல்வர். மறுநாளும் அதே பொறியை அதே இடத்தில் இன்னும் இறுக்கமான கம்பியோடு வைப்பவரைக் கண்டால் நமக்குச் சிரிப்புத்தான் வரும். ஆனால் பாட்டு, படம், புத்தகம், கணினி விளையாட்டு ஆகியவற்றை வட்டிலும் இணையத்திலும் விற்கும் பெரிய நிறுவனங்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக இதைத்தான் செய்து வருகின்றன. பொறியில் சிக்கிய கால்விரல், காசு கொடுத்து வாங்கிய நம்முடையது. எலியோ அடுக்களையில் சுகமாக உலவிக்கொண்டிருக்கிறது.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்திவிடுகிறேன். பிறர் உழைப்பைத் திருடிப் படி எடுத்து விற்பது குற்றம். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆயினும் அந்தக் குற்றத்தைத் தடுப்பதாகச் சொல்லிப் போடப்படும் மின்னியல் பூட்டுகள் குற்றவாளியைத் தொடுவதே இல்லை. நேர்மையாக வாங்குபவரை மட்டுமே வதைக்கின்றன. வதைபட்டவர் ஒரு நாள் சலிப்படைந்து திருட்டுக் கடையின் பக்கம் திரும்புகிறார். ஆக, திருட்டை ஒழிக்க வந்த பூட்டே திருட்டுக்கு ஆள் சேர்க்கிறது. இதுவே என் வாதம்.

பூட்டும் சாவியும் ஒரே வீட்டில்

இந்தப் பூட்டு எப்படி வேலை செய்கிறது என்பதை முதலில் பார்ப்போம். விற்கப்படும் பாட்டோ படமோ யாரும் நேரடியாகத் திறக்க முடியாதபடி குழப்பப்பட்ட எழுத்துகளாக மாற்றப்படுகிறது. அதைச் சரிசெய்ய ஒரு சாவி வேண்டும். அந்தச் சாவி வாங்கியவரின் கருவியிலேயே இருக்கும், அல்லது இணையம் வழியாக நிறுவனத்தின் கணினியிலிருந்து வந்து சேரும். எப்படி வந்தாலும், வாங்கியவர் பாட்டைக் கேட்க வேண்டுமென்றால் சாவி கடைசியில் அவருடைய கருவிக்கு வந்தே ஆக வேண்டும். பெட்டி, பூட்டு, சாவி மூன்றையும் ஒருவர் வீட்டில் வைத்துவிட்டு, திறந்துவிடாதே என்று அவரைக் கேட்டுக்கொள்வது போன்றது இது.

உலகில் உள்ள கோடிக்கணக்கான பேரில் யாராவது ஒருவர் ஒரே ஒரு முறை பூட்டை உடைத்தால் போதும். அதன்பின் பரவும் படிகள் எதிலும் பூட்டு இராது. திருட்டுப் படியை வாங்குபவர் பூட்டின் முகத்தையே பார்ப்பதில்லை. அசலை வாங்கியவரோ ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அதன் முன் நின்று, 'நான் திருடனல்ல' என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது.

டிவிடி வட்டின் கதை இதற்கு நல்ல சான்று. 1996-இல் சந்தைக்கு வந்த அவ்வட்டுகளுக்குத் திரைப்பட நிறுவனங்கள் ஒரு பூட்டைப் போட்டன. மூன்றே ஆண்டுகளில், 1999-இல், அது உடைந்தது. அதை உடைக்கும் நிரலை வெளியிட்டவர்களுள் ஒருவரான நார்வே நாட்டு யோன் லெக் யோஹான்சனுக்கு அப்போது வயது 15. லினக்ஸ் கணினியில் டிவிடி பார்ப்பதற்கு முறையான வழி எதுவும் அன்று இல்லை. அவர்மீது வழக்குத் தொடரப்பட்டது. 2003-இல் நீதிமன்றம் அவரை விடுவித்தது. காசு கொடுத்து வாங்கிய வட்டைத் தன் கணினியில் பார்ப்பது குற்றமாகாது என்பதே தீர்ப்பின் சாரம்.

அதே வட்டுகளில் இன்னொரு வேலியும் இருந்தது. உலகத்தை வட்டாரங்களாகக் கூறுபோட்டு, ஒரு வட்டாரத்தில் விற்ற வட்டு இன்னொரு வட்டாரத்துக் கருவியில் ஓடாதபடி செய்தார்கள். மலேசியாவும் சிங்கப்பூரும் மூன்றாம் வட்டாரம். இந்தியா ஐந்தாம் வட்டாரம். அதாவது சென்னையில் முறையாகக் காசு கொடுத்து வாங்கிய வட்டை, கிள்ளானில் முறையாகக் காசு கொடுத்து வாங்கிய கருவி ஏற்க மறுக்கலாம். தமிழ்ப்பட வட்டுகள் பல எல்லா வட்டாரங்களுக்கும் பொதுவானவையாக வெளிவந்ததால் நம் வீடுகள் ஓரளவு தப்பின. ஆனால் விதியை எழுதியவர்களுக்கு, கடல் கடந்து வாழும் ஓர் இனம் தன் மொழிப் படத்தைத் தாயகத்திலிருந்து வாங்கி வரும் என்ற எண்ணமே இருந்திருக்காது. பாசார் மாலாமில் விற்ற திருட்டு வட்டுக்கோ வட்டாரமும் இல்லை, எல்லையும் இல்லை.

நாயின் மூக்கு

2007-ஆம் ஆண்டு மார்ச் மாதம் லக்கி, ஃபுளோ என்னும் இரண்டு கறுப்பு லாப்ரடோர் நாய்கள் மலேசியாவுக்கு வந்தன. அமெரிக்கத் திரைப்பட நிறுவனங்களின் சங்கம், திருட்டு வட்டுகளை மோப்பம் பிடிப்பதற்காகப் பயிற்றுவித்த நாய்கள் அவை. ஜொகூர் பாருவில் நடந்த சோதனையில் ஏறத்தாழ பத்து இலட்சம் வட்டுகள் சிக்கின. அந்த நாய்களின் தலைக்குக் கள்ளக் கும்பல்கள் விலை வைத்திருப்பதாகவும் செய்திகள் வெளிவந்தன. நாடே அவற்றைப் பற்றிப் பேசியது.

அந்த நாய்கள் மோப்பம் பிடித்தது வட்டு செய்யப்படும் நெகிழியின் வாடையைத்தான். அது அசல் வட்டா, திருட்டு வட்டா என்று நாயால் சொல்ல முடியாது. பூட்டிய கடைக்குள் வட்டு இருக்கிறது என்று மட்டுமே அது சொல்லும். எது அசல், எது போலி என்று பிரித்துப் பார்க்க மனிதர்கள் தேவைப்பட்டார்கள்.

மின்னியல் பூட்டும் அந்த நாயைப் போன்றதே. அதற்குக் கருவி தெரியும், எண் தெரியும், நாடு தெரியும். எதிரில் நிற்பவர் வாங்கியவரா, திருடியவரா என்பது தெரியாது. ஒரு வேறுபாடு உண்டு. நாய் குரைத்தவுடன் அதிகாரி வந்து பார்த்தார். பூட்டு குரைத்தால் வந்து பார்க்க யாருமில்லை. நாயின் சொல்லே தீர்ப்பாகிவிடுகிறது.

என் சிறு வயதில் வட்டுக் கடைகள் முடியும் தறுவாயில் இருந்தன. ஆனாலும் எங்கள் தாமான் பாசார் மாலாமில் ஒரு மேசை நிறையத் தமிழ்ப்பட வட்டுகள் அடுக்கியிருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அப்பா ஒருமுறை, "ஒரிஜினல் இருக்கா தம்பி?" என்று கேட்டார். கடைக்காரர், "இருக்குண்ணே. ஆனா ஒரிஜினல் போட்டா மொதல்ல பத்து நிமிசம் வெளம்பரமும் எச்சரிக்கையும்தான் ஓடும். இது போட்டவொடனே படம்" என்றார். அவர் சொன்னதில் பொய் இல்லை. 'படி எடுப்பது குற்றம்' என்னும் எச்சரிக்கையை அசல் வட்டில் தள்ளிவிட்டுப் பார்க்கவும் முடியாது. குற்றம் செய்யாதவருக்கு ஒவ்வொரு முறையும் எச்சரிக்கை. குற்றத்தைச் செய்தவர் முதல் வேலையாக அதை வெட்டி எறிந்துவிட்டார். விலையிலும் தோற்று வசதியிலும் தோற்ற பொருளை ஒருவர் வாங்குகிறார் என்றால், அவர் மனச்சாட்சிக்காக மட்டுமே வாங்குகிறார். அப்படிப்பட்டவரை அல்லவா நாம் தலைமேல் வைத்துக் கொண்டாட வேண்டும்?

விருந்தாளியாக வந்த ஒற்றன்

பூட்டு வெறும் தொல்லையாக மட்டும் நின்றுவிடுவதில்லை. சில வேளைகளில் ஆபத்தாகவும் மாறுகிறது. 2005-இல் சோனி பிஎம்ஜி நிறுவனம் வெளியிட்ட பாட்டு வட்டுகள் பலவற்றில், வாங்கியவர் அறியாமலேயே அவருடைய விண்டோஸ் கணினியில் ஒளிந்துகொள்ளும் ஒரு நிரல் இருந்தது. அது தன்னை மறைத்துக்கொண்டதோடு, குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் பெயருள்ள எந்தக் கோப்பையும் மறைத்துவிடும். மார்க் ரஸ்ஸினோவிச் என்னும் கணினி வல்லுநர் அவ்வாண்டு அக்டோபர் 31-ஆம் நாள் இதை வெளிப்படுத்தினார். சில நாள்களிலேயே நச்சுநிரல் எழுதுவோர் அந்த மறைவிடத்தைத் தங்களுக்குப் பயன்படுத்திக்கொண்டனர். நிரலை நீக்குவதற்காக நிறுவனம் தந்த கருவியே இன்னோர் ஓட்டையைத் திறந்துவிட்டது. இறுதியில் இலட்சக்கணக்கான வட்டுகளைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. அமெரிக்காவில் வழக்குகளும் தொடர்ந்தன.

இதே பாட்டுகளை இணையத்தில் திருட்டுத்தனமாக இறக்கிக் கேட்டவரின் கணினிக்கு இந்த நிரலால் எதுவும் ஆகவில்லை. கடைக்குப் போய், வரிசையில் நின்று, காசு கொடுத்து வாங்கியவரின் கணினிதான் கெட்டது. நேர்மைக்குக் கிடைத்த பரிசு இதுதானா?

என் சொந்த அனுபவத்தையும் இங்கே குறிப்பிட வேண்டும். கடந்த ஆண்டு ஒரு பாடத்திற்காக மின்னூல் ஒன்றை 86 வெள்ளி கொடுத்து வாங்கினேன். பி.டி.பி.டி.என். கடனில் படிக்கும் மாணவருக்கு 86 வெள்ளி என்பது இரண்டு வாரச் சாப்பாடு. அந்த நூல் இரண்டு கருவிகளில் மட்டுமே திறக்கும். கைப்பேசி ஒன்று, மடிக்கணினி ஒன்று. இடையில் மடிக்கணினி பழுதாகி, கடையில் உட்பலகையை மாற்றிக் கொடுத்தார்கள். நூலை விற்ற நிறுவனத்தின் கணக்கில் அது மூன்றாவது கருவியாகிவிட்டது. நூல் திறக்கவில்லை. மின்னஞ்சல் அனுப்பினேன், தானியங்கிப் பதில் வந்தது. மீண்டும் அனுப்பினேன், வாங்கிய இரசீது கேட்டார்கள். இரசீதை அனுப்பினேன், மடிக்கணினியின் எண்ணைக் கேட்டார்கள். சிக்கல் தீர ஒன்பது நாள்கள் ஆயின. இடைத்தேர்வோ ஆறாம் நாளே முடிந்துவிட்டது. அந்த ஆறு நாள்களும் என் வகுப்பில் பலர் அதே நூலின் பூட்டில்லாத படியை இலவசமாக வைத்துப் படித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் என்னிடம் கேட்டது ஒரே கேள்வி: "நீ ஏன் வாங்கினே?" நான் வாங்கியது சரி என்றே இன்றும் நம்புகிறேன். ஆனால் அடுத்த பருவத்தில் ஒரு முதலாண்டு மாணவர் என்னிடம் யோசனை கேட்டால், வாங்கு என்று நெஞ்சைத் தொட்டுச் சொல்ல எனக்கு என்ன காரணம் இருக்கிறது? அந்தக் காரணத்தை அந்த நிறுவனமே அழித்துவிட்டது.

வாங்கினோமா, வாடகைக்கு எடுத்தோமா?

ஒரு பொருளை வாங்கினால் அது நம்முடையது. படித்து முடித்த நூலைத் தம்பிக்குக் கொடுக்கலாம், பள்ளி நூலகத்திற்குக் கொடுக்கலாம், பழைய புத்தகக் கடையில் விற்கலாம். பூட்டுப் போட்ட மின்னூலில் இவற்றுள் எதுவும் நடவாது. 'வாங்கு' என்று எழுதிய பொத்தானை அழுத்தினாலும் நாம் பெறுவது ஓர் அனுமதி மட்டுமே. அனுமதி தந்தவர் அதைத் திரும்பவும் எடுத்துக்கொள்ளலாம்.

2009-ஆம் ஆண்டு ஜூலை மாதம் அமேசான் நிறுவனம் தன் கிண்டில் வாசகர்கள் வாங்கி வைத்திருந்த சில நூல்களை அவர்களைக் கேட்காமலேயே கருவிகளிலிருந்து அழித்தது. அவற்றை விற்பனைக்கு ஏற்றியவருக்கு அதற்கான உரிமை இல்லை என்பது காரணம். பணம் திருப்பித் தரப்பட்டது. அழிக்கப்பட்டவற்றுள் ஒன்று ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984'. அரசு விரும்பாத எழுத்தெல்லாம் அழிக்கப்படும் ஓர் உலகத்தைப் பற்றிய புதினம் அது! பள்ளி மாணவர் ஒருவர் அந்நூலில் எழுதி வைத்திருந்த குறிப்புகள், நூல் போனபின் பயனற்றுப் போயின. நிறுவனத்தின் தலைவர் ஜெஃப் பெஸோஸ் பின்னர் மன்னிப்புக் கேட்டார்.

2019-இல் மைக்ரோசாப்ட் தன் மின்னூல் கடையை மூடியது. அங்கே வாங்கிய நூல்கள் அனைத்தும் அவ்வாண்டு ஜூலையில் வாசகர்களின் கணினிகளிலிருந்து மறைந்தன. பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்கள் என்பது உண்மை. ஆனால் ஒரு புத்தகக் கடை மூடப்பட்டால் கடைக்காரர் வீடு வீடாக வந்து, நம் அலமாரியைத் திறந்து புத்தகங்களை அள்ளிக்கொண்டு, மேசைமேல் காசை வைத்துவிட்டுப் போவாரா? அச்சுலகில் இதை வழிப்பறி என்போம். மின்னுலகில் இதற்கு 'சேவை நிறுத்தம்' என்று பெயர்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியா மாநிலம் இதை உணர்ந்து ஒரு சட்டம் இயற்றியது. விற்பது வெறும் அனுமதிதான் என்பதைத் தெளிவாகச் சொல்லாமல் 'வாங்கு' என்னும் சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்கிறது 2025 ஜனவரி முதல் நடப்புக்கு வந்த அச்சட்டம். இதனால் பூட்டு அவிழ்ந்துவிடவில்லை. ஆயினும் வாடகையை விற்பனை என்று சொல்லி ஏமாற்றாதே என்றாவது ஓர் அரசு சொல்லியிருக்கிறது.

கேட்டால் இல்லை என்பார்கள்

மலேசியத் தமிழரைப் பெரிதும் பாதிப்பது நாட்டு எல்லைப் பூட்டு. ஒரு படத்தை இணையத்தில் காட்டும் உரிமை நாடு நாடாக விற்கப்படுகிறது. ஆகவே தமிழ்நாட்டில் ஒரு தளத்தில் கிடைக்கும் படம், அதே தளத்திற்கு நாம் மாதந்தோறும் கட்டணம் செலுத்தினாலும், இங்கே கிடைக்காமல் போகலாம். 'இந்தப் படைப்பு உங்கள் வட்டாரத்தில் கிடைக்காது' என்னும் வாசகத்தை நம்மில் பார்க்காதவர் யார்? 2016 ஜனவரியில் நெட்ஃபிளிக்ஸ் நம் நாட்டிற்கு வந்தது. வேறு நாட்டு முகவரியைக் காட்டி உள்ளே நுழையும் வழிகளை அடைக்கப்போவதாக அதே மாதம் அறிவித்தது. அப்படி நுழைந்தவர்களும் கட்டணம் செலுத்திய வாடிக்கையாளர்கள்தாம் என்பதைக் கவனிக்க வேண்டும்.

படம் வெளிவந்த அன்றே எல்லாரும் அதைப் பற்றிப் பேசுகிறார்கள். பாட்டு வானொலியில் ஒலிக்கிறது. படத்தைக் காசு கொடுத்துப் பார்க்க ஒருவர் தயாராக இருக்கிறார். முறையான கடையில் கேட்டால் இல்லை என்கிறார்கள். திருட்டுத் தளத்தில் கேட்டால் இருக்கிறது என்கிறார்கள். பசித்தவன் முன் ஒரு கடை மூடியும் இன்னொரு கடை திறந்தும் இருந்தால் அவன் எங்கே போவான்? ஸ்டீம் என்னும் விளையாட்டு விற்பனைத் தளத்தை நடத்தும் கேப் நியூவல் 2011-இல், திருட்டு என்பது பெரும்பாலும் விலைச் சிக்கல் அன்று, சேவைச் சிக்கல் என்னும் கருத்தை முன்வைத்தார். நம் வீடுகளில் கள்ளப் பெட்டிகள் எப்படி நுழைந்தன என்று எண்ணிப் பார்த்தால் அவர் கருத்தில் பாதிக்கு மேல் உண்மை இருப்பது புரியும்.

நம் அரசு வாளாவிருக்கவில்லை. 2022 மார்ச் 18 முதல் நடப்பில் உள்ள பதிப்புரிமைச் சட்டத் திருத்தத்தின்படி, கள்ள ஒளிபரப்புக் கருவிகளையோ செயலிகளையோ விற்பவருக்கு 10,000 வெள்ளி முதல் 200,000 வெள்ளி வரை அபராதம், 20 ஆண்டு வரை சிறை, அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். வணிக நோக்கில் திருடுவோர்மீது பாயும் இச்சட்டத்தை நான் வரவேற்கிறேன். ஆனால் கள்ளக் கடையை மூடுவதோடு வேலை முடிந்துவிடாது. அதன் பக்கத்தில் நல்ல கடையைத் திறக்கவும் வேண்டும்.

மறுபக்கத்தையும் பார்ப்போம்

பூட்டை ஆதரிப்பவர்களின் வாதத்தையும் நாம் புறந்தள்ளக் கூடாது. ஓர் உள்ளூர் இசையமைப்பாளர் கடன் வாங்கிப் பாட்டுப் பதிவு செய்கிறார். வெளியிட்ட மாலையே அது புலனக் குழுக்களில் இலவசமாகச் சுற்றுகிறது. அவருடைய வலி உண்மையானது. பூட்டையும் எடுத்துவிட்டால் அவர் கதி என்ன என்று கேட்பது நியாயமே. மாதக் கட்டணத்தில் படம் காட்டும் தளங்களுக்கு ஏதோ ஒரு பூட்டு தேவைப்படும் என்பதையும் ஏற்கிறேன். வாடகைக்கு எடுத்த பொருளைத் திருப்பித் தர வேண்டும் அல்லவா?

ஆனால் விலைக்கு விற்ற பொருளில் பூட்டை எடுத்தால் திருட்டுப் பெருகிவிடுமா என்னும் கேள்விக்கு அனுபவமே பதில் சொல்லியிருக்கிறது. ஆப்பிள் நிறுவனத்தின் ஸ்டீவ் ஜாப்ஸ் 2007 பிப்ரவரியில் பாட்டுகளுக்குப் பூட்டு வேண்டாம் என்று வெளிப்படையாக எழுதினார். பூட்டில்லாத வட்டுகளை விற்றுக்கொண்டே இணையப் பாட்டுக்கு மட்டும் பூட்டுப் போடுவதில் என்ன பயன் என்பது அவர் கேள்வி. 2009-இல் ஐடியூன்ஸ் கடையின் பாட்டுகள் முழுவதும் பூட்டின்றி விற்கப்பட்டன. கடை கவிழ்ந்துவிடவில்லை. அறிவியல் புனைகதை நூல்களை வெளியிடும் டோர் பதிப்பகம் 2012-இல் தன் மின்னூல்களின் பூட்டுகளை நீக்கியது. ஓராண்டு கழித்து, திருட்டு கண்ணுக்குத் தெரியும்படி பெருகவில்லை என்று அதன் பிரிட்டன் கிளை அறிவித்தது. ஹாரி பாட்டர் மின்னூல்கள் 2012-இல் வந்தபோது பூட்டுக்குப் பதிலாக வாங்கியவரை அடையாளம் காட்டும் மறைகுறி பொறிக்கப்பட்டது. வாங்கியவர் எந்தக் கருவியிலும் படிக்கலாம். ஊருக்கே பரப்பினால் மட்டும் அகப்படுவார். திருடனையும் வாங்கியவரையும் பிரித்தறியும் வழி இது.

தமிழிலும் முயற்சி இல்லாமல் போகவில்லை. இயக்குநர் சேரன் 2015-இல் தம் படத்தை முறையான வட்டாக, குறைந்த விலையில், வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கினார். அத்திட்டம் நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனாலும் திருட்டு வட்டுக்காரனைப் போலீசால் மட்டும் வெல்ல முடியாது, அவனைவிட நல்ல கடைக்காரனாக இருந்தும் வெல்ல வேண்டும் என்ற அவருடைய எண்ணம் சரியானதே.

சாவி தொலைந்தால் தமிழும் தொலையும்

இவையெல்லாம் பணக்கார நாடுகளின் கவலை, நமக்கென்ன என்று சிலர் எண்ணலாம். என்னைக் கேட்டால், நம்மைப் போன்ற சிறுபான்மைச் சமூகத்திற்குத்தான் இது உயிர்ப் பிரச்சினை.

ஆங்கிலப் பாட்டு ஒன்று ஒரு கடையில் மறைந்தால் ஆயிரம் இடங்களில் மிஞ்சியிருக்கும். மலேசியத் தமிழ் எழுத்தாளர் ஒருவரின் நூல் சில நூறு படிகளே விற்கும். அது ஒரே ஒரு செயலியில் பூட்டப்பட்டு, அந்தச் செயலியை நடத்தியவர் கடையைச் சாத்திவிட்டால், நூல் உலகத்திலிருந்தே போய்விடும். எங்கள் வீட்டில் அப்பாவின் ஒலிநாடாக்கள் இன்னும் ஓர் அட்டைப்பெட்டியில் இருக்கின்றன. அவற்றுள் உள்ளூர்ப் பாடகர்களின் நாடாக்களும் உண்டு. வெளியிட்ட நிறுவனங்கள் இன்று இருக்கின்றனவா என்று தெரியாது, பாட்டு இருக்கிறது. பூட்டில்லாததால்தான் இருக்கிறது. இன்றைய உள்ளூர்ப் பாட்டு நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு எந்தப் பெட்டியில் இருக்கும்?

ஓலைச்சுவடிகள் நமக்குக் கிடைத்தது எதனால்? ஒருவர் எழுதியதை இன்னொருவர் படி எடுத்ததனால். கறையான் அரிப்பதற்குள் புதிய ஓலையில் எழுதி வைத்த பெயர் தெரியாத மனிதர்களால். அன்று ஏட்டுக்குப் பூட்டும், படி எடுக்கத் தடையும் இருந்திருந்தால் உ.வே.சாமிநாதையர் தேடிச் சென்ற வீடுகளில் வெறும் பூட்டுகளே மிஞ்சியிருக்கும். 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை உலகத்தார் அனைவரும் பூட்டின்றிப் படிக்கத் தந்திருக்கிறது. இந்நாட்டில் தமிழ் படிக்கும் நம்மில் எத்தனை பேருடைய ஒப்படைப்புகள் அதன் துணையால் நிறைவேறின என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

பார்வையற்றவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும். 2009-இல் கிண்டில் கருவி நூல்களைக் குரலாகப் படித்துக் காட்டத் தொடங்கியபோது அமெரிக்க எழுத்தாளர் சங்கம் எதிர்ப்புத் தெரிவித்தது. உடனே, வேண்டாத பதிப்பாளர் அந்த வசதியை அடைத்துவிடலாம் என்று அமேசான் விட்டுக்கொடுத்தது. பூட்டு ஒரு வாசகரின் காதையும் அடைக்கும் என்பதற்கு இது சான்று. பார்வையற்றோருக்கு ஏற்ற வடிவில் நூல்களைப் படியெடுக்க வழிவிடும் மராக்கேஷ் உடன்படிக்கையில் மலேசியா 2022-இல் இணைந்தது. நல்ல செய்தி. ஆனால் நம் சட்டம் பூட்டை உடைப்பதையே தனிக் குற்றமாக்கியிருக்கிறது. குறிப்பிட்ட சில விலக்குகள் உண்டு. காசு கொடுத்தவர் தம் சொந்த வசதிக்காகத் திறப்பதற்குப் பொதுவான அனுமதி எதுவும் இல்லை.

என்ன செய்யலாம்?

குறை சொல்வது எளிது. ஆகவே என் சிற்றறிவுக்கு எட்டிய சில கருத்துகளை முன்வைக்கிறேன்.

முதலாவது, விற்பவர்கள் விற்பனையையும் வாடகையையும் வெவ்வேறாகச் சொல்ல வேண்டும். விலைக்கு விற்றால் பூட்டில்லாமல் விற்க வேண்டும். வாடகை என்றால் வாடகைக்குரிய விலையே வாங்க வேண்டும். நம் நாட்டுப் பயனீட்டாளர் சட்டத்திலும் இதற்கு இடம் வேண்டும்.

இரண்டாவது, கடையை மூடும் நிறுவனம் சாவியை வாங்கியவரிடம் கொடுத்துவிட்டே மூட வேண்டும்.

மூன்றாவது, தேசிய நூலகத்திற்கு வைப்புப் படி கொடுக்கும் சட்டம் 1986 முதலே நம் நாட்டில் உண்டு. மின்னூலும் மின்னிசையும் வெளியிடும் தமிழ்ப் படைப்பாளர்கள், பூட்டில்லாத படி ஒன்றை அங்கே சேர்ப்பதைக் கடமையாகக் கொள்ள வேண்டும்.

நான்காவது, தமிழ்ப்படங்களின் உரிமையை வாங்குவோர் மலேசியா, சிங்கப்பூர், இலங்கைத் தமிழரையும் வாடிக்கையாளராக மதித்து ஒரே நாளில் வெளியிட வேண்டும். காசோடு நிற்பவரைக் காக்க வைப்பது வணிகமும் அன்று, அறமும் அன்று.

ஐந்தாவது, நாம். பூட்டுத் தவறு என்று சொல்லும் உரிமை, காசு கொடுத்து வாங்குபவருக்கே முழுமையாக உண்டு. பூட்டில்லாமல் நம்பி விற்கும் உள்ளூர்க் கலைஞரின் பாட்டைப் பத்து வெள்ளி கொடுத்து வாங்காமல் புலனத்தில் அனுப்பிவிட்டு, பிறகு பூட்டைப் பழிப்பதில் பொருளில்லை. நம்பிக்கை இருவழிப் பாதை. நம் பல்கலைக்கழகத் தமிழ் அமைப்புகள் வெளியிடும் சிறுகதைத் தொகுப்புகளையும் ஆய்வு மலர்களையும் நியாயமான விலையில், பூட்டில்லாத மின்னூலாக வெளியிட்டு நாமே ஒரு முன்மாதிரியைக் காட்டலாம். எத்தனை பேர் வாங்கினார்கள், எத்தனை பேர் திருடினார்கள் என்பதை அடுத்த ஆண்டு மலரில் கணக்குப் போட்டு எழுதலாம். நம் இனத்தின் நேர்மையை நாமே நம்பாவிட்டால் வேறு யார் நம்புவார்?

வாசலில் பூட்டுப் போட்டுவிட்டு விருந்துக்கு அழைப்பவர் வீட்டிற்கு யாரும் இரண்டாம் முறை செல்வதில்லை. படைப்பாளருக்கு உரிய கூலி கிடைக்க வேண்டும். வாங்கியவருக்கு வாங்கிய பொருள் சொந்தமாக வேண்டும். இவ்விரண்டும் ஒன்றுக்கொன்று பகையல்ல. பகையென்று நம்மை நம்ப வைத்திருப்பது இடையில் தொங்கும் பூட்டுத்தான்.